பனித்தடத்தில் பிள்ளைகள்: பந்தயப் பாதையா, விளையாட்டுப் பாதையா?

கிராஸ் கன்ட்ரி, அதாவது மேடுபள்ளமான பனித்தடத்தில் உடல் வலுவால் நெடுந்தூரம் செல்லும் பனிச்சறுக்கைக் கற்பிக்கும் கழகத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர், முதல் இரண்டு மூன்று குளிர்காலங்களுக்குப் பெரிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருப்பதில்லை. பிள்ளை விழுகிறது, எழுகிறது, நனைந்த கையுறையோடு வீடு திரும்புகிறது. ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் எங்கோ நிலைமை மாறுகிறது. பயிற்சியாளர் வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்கிறார். உடன் பழகும் பிள்ளைகளில் சிலருக்குப் பந்தயத்துக்கென்றே தனி ஸ்கீ (காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகை) வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் முடிவுப் பட்டியல் அன்று மாலையே எல்லார் கைப்பேசியிலும் சுற்றுகிறது. பிள்ளையை எவ்வளவு தூரம் பந்தயத்துக்குள் கொண்டுபோவது, எவ்வளவு காலம் விளையாட்டாகவே விட்டுவைப்பது என்ற கேள்வியை இதற்குமேல் தள்ளிப்போட முடிவதில்லை.

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சிறு வயதிலேயே நேரம் குறித்து, வரிசைப்படுத்தி, ஆண்டு முழுவதும் பயிற்சி தரும் பந்தயப் பாதை. இரண்டாவது, ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை விளையாட்டை முன்வைத்து, தரவரிசையைத் தள்ளிவைத்து, பிறகு படிப்படியாகப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் பாதை. மூன்றாவது, பனிக்காலத்தில் மட்டும் பனிச்சறுக்கு, மற்ற மாதங்களில் வேறு விளையாட்டுகள் என்ற பருவகாலப் பாதை. இவற்றை ஒப்பிடும்போது எது மகிழ்ச்சியானது, எது வெற்றி தருவது என்று கேட்பதே வழக்கம். அந்தக் கேள்வி நம்மை அதிக தூரம் கொண்டுபோவதில்லை. ஏனெனில் பந்தயத்தில் மகிழ்ச்சி காணும் பிள்ளைகளும் உண்டு, விளையாட்டு வகுப்பில் சலித்துப்போகும் பிள்ளைகளும் உண்டு. என்னைக் கேட்டால், பயனுள்ள கேள்விகள் இரண்டு. இந்த வழி பிள்ளையைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்தி எவ்வளவு உண்மையானது? இதிலிருந்து இன்னொரு வழிக்கு மாற வேண்டி வந்தால் அது எவ்வளவு எளிது?

முதல் கேள்விக்கு விடை காண, இந்த விளையாட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளாசிக் முறையில் இணையான இரு தடங்களுக்குள் உந்தி உந்திச் செல்ல வேண்டும். ஸ்கீயின் நடுப்பகுதியில் பூசும் பிடிப்பு மெழுகு அன்றைய பனியின் வெப்பநிலைக்கும் ஈரத்துக்கும் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு உந்தலிலும் கால் பின்னோக்கி வழுக்கும். ஸ்கீயின் வளைவும் விறைப்பும் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். "அடுத்த ஆண்டும் பயன்படட்டும்" என்று சற்றுப் பெரிதாக வாங்கிய ஸ்கீயில், எடை குறைந்த பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மெழுகு பூசிய பகுதி பனியைத் தொடாமலே போகலாம். கால்களைப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் ஸ்கேட்டிங் முறையில் பிடிப்பு மெழுகு தேவையில்லை என்றாலும், அடிப்பாகம் எவ்வளவு நன்றாக வழுக்குகிறது என்பது வேகத்தைப் பெரிதும் மாற்றிவிடும். ஆக, பத்து வயதுப் பிள்ளை எட்டாவதாக வந்தது என்ற செய்திக்குள், அந்தப் பிள்ளையின் தந்தைக்கு மெழுகு பூசத் தெரியுமா என்ற செய்தியும் கலந்திருக்கிறது. பிரித்தெடுக்க வழியில்லை.

இதைவிடப் பெரிய கலப்படம் பருவ வளர்ச்சியால் வருவது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பிறந்த ஆண்டால் ஒரே பிரிவில் நின்றாலும், உடல் வளர்ச்சியால் ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது இயல்பே. உயரம், தசை, இதயத்தின் கொள்ளளவு ஆகியவை எல்லாம் வளர்ச்சியோடு கூடுவதால், முன்னதாக வளர்ந்த பையன் ஏற்றங்களில் தனியே விலகிப் போகிறான். அதே ஆண்டின் டிசம்பரில் பிறந்து, தாமதமாக வளரும் பையன் எவ்வளவு திருத்தமாகச் சறுக்கினாலும் பட்டியலின் அடியிலேயே இருக்கிறான். பெண் பிள்ளைகளிடம் இது வேறு விதமாக நிகழ்கிறது. அவர்களில் பலர் முதலில் முன்னணியில் இருந்துவிட்டு, உடலமைப்பு மாறும் ஓரிரு ஆண்டுகளில் நேரம் முன்னேறாமல் நிற்பதைக் காண்கிறார்கள். அது வளர்ச்சியின் ஒரு கட்டம் மட்டுமே என்பதைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், அந்தப் பெண் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்கிறாள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஓட்டத்திலோ நீச்சலிலோ, "மற்றவரைப் பார்க்காதே, உன் பழைய நேரத்தை முறியடி" என்று பிள்ளைக்குச் சொல்ல முடியும். பனியில் அந்த அறிவுரை செல்லாது. ஒரே தடத்தில் ஒரே பிள்ளை செல்லும் நேரம், புதுப்பனி விழுந்த நாளில் ஒன்றாகவும் இறுகிய பனி நாளில் வேறொன்றாகவும் இருக்கும். வேறுபாடு சில நொடிகள் அல்ல, சில நிமிடங்களாகக்கூட இருக்கலாம். தன் நேரத்தைத் தன்னோடு ஒப்பிட முடியாதபோது, கையில் மிஞ்சும் அளவுகோல் அடுத்த பிள்ளைதான். அதனால்தான் இந்த விளையாட்டில் நெருக்கடி எப்போதும் ஒரு பெயரோடும் முகத்தோடும் வருகிறது: "அவளைவிட நாற்பது நொடி பின்னால்." தரவரிசையைக் குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை என்று சாடுவோர் உண்டு. அதன்மேல் எனக்குள்ள குறை அதுவல்ல. பூப்புப் பருவம் தாண்டும் வரை அது நம்பத்தகாத தகவலைத் தருகிறது என்பதே. நம்பத்தகாத தகவலை வைத்து எவரும் முடிவெடுக்கக் கூடாது. அதுவும் பிள்ளையின் காரியத்தில்.

இந்தப் பின்னணியில் முதல் வழியைப் பார்ப்போம். பந்தயப் பாதைக்கு நியாயமான சிறப்புகள் உண்டு. அவற்றை மறுப்பது நேர்மையாகாது. தொடக்கக் கோட்டில் நிற்கும் படபடப்பைக் கையாள்வது, ஏற்றத்துக்கு மூச்சை மிச்சம் வைப்பது, முந்திச் செல்லும்போது ஊன்றுகோல் உடையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றைப் பந்தயத்தில்தான் கற்க முடியும். வாரம்தோறும் சந்திக்கும் குழு, நெருங்கிய நட்பையும் தருகிறது. சில பிள்ளைகள் போட்டி என்றாலே கண் விரிபவர்கள். அவர்களுக்கு மதிப்பெண் இல்லாத விளையாட்டு உப்பில்லாப் பண்டம்.

ஆனால் இந்தப் பாதையின் அடிப்படை எதிர்பார்ப்பு, சீக்கிரம் தொடங்கியவர் மேலே போவார் என்பது. அந்த எதிர்பார்ப்புக்குச் சான்று பலவீனமாகவே இருக்கிறது. ஆர்னே குலிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல விளையாட்டுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, இரண்டு வெவ்வேறு கூட்டத்தைக் காட்டுகிறது. இளையோர் நிலையில் மிகச் சிறந்து விளங்கியவர்கள், தம் முதன்மை விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கி, அதிலேயே அதிக நேரம் பயின்றவர்கள். வயதுவந்தோர் நிலையில் உலகத் தரத்தை எட்டியவர்களோ, சிறு வயதில் பல விளையாட்டுகளில் ஈடுபட்டு, முதன்மை விளையாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கி, ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள். பன்னிரண்டு வயதில் பதக்கம் வாங்க உதவும் பயிற்சிமுறை, இருபத்தெட்டு வயதில் பதக்கம் வாங்க உதவும் பயிற்சிமுறையாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

கிராஸ் கன்ட்ரியில் இருபத்தெட்டு என்பது மிகையான எண்ணும் அல்ல. தாங்குதிறனை மையமாகக் கொண்ட இந்த விளையாட்டில் உச்சம் பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோதான் வருகிறது. நார்வேயின் மாரிட் பியோர்கன் 2018-இல் தம் கடைசி ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 37. மொத்தம் 15 ஒலிம்பிக் பதக்கங்கள் அவரிடம் உள்ளன. உலகத் தரத்து வீரர்கள் ஆண்டுக்கு 800 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்கிறார்கள். அவ்வளவு சுமையை உடல் ஏற்கப் பல ஆண்டுகள் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எனவே பதினோராம் வயதில் பிள்ளைக்கு மிகவும் தேவையானது, பதினேழாம் வயதிலும் அதிகாலையில் எழுந்து பனிக்குப் போக ஆசை மிஞ்சியிருப்பது. பந்தயப் பாதை அந்த ஆசையைத்தான் முதலில் செலவழிக்கிறது.

மாறுவது எவ்வளவு எளிது என்ற இரண்டாவது கேள்வியிலும் பந்தயப் பாதை பின்தங்குகிறது. விளையாட்டாகச் சறுக்கிய பிள்ளை பதினான்கு வயதில் தீவிரமாக மாற விரும்பினால், நல்ல கழகம் ஏதும் கதவை அடைப்பதில்லை. நான்கு ஆண்டுகள் பட்டியலில் இடம்பிடித்துப் பழகிய பிள்ளை, பதினான்கு வயதில் இடம் சரிந்ததும் "இனி விளையாட்டாகச் சறுக்குகிறேன்" என்று பின்வாங்குவது மிக அரிது. அந்தப் பிள்ளை ஸ்கீயைக் கிடங்கில் போட்டுவிட்டு மொத்தமாக வெளியேறுகிறது. ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கும் கதவு இது. இதைப் பெற்றோரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கழகங்களுக்கும் அதைச் சொல்வதில் ஆர்வமில்லை.

இரண்டாவது வழியை விதியாகவே எழுதிவைத்த நாடு நார்வே. அந்நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு, சிறுவர் விளையாட்டுக்கான விதிமுறைகளை 1987-இல் ஏற்றுக்கொண்டு, 2007-இல் அவற்றைப் பிள்ளைகளின் உரிமைகளாகத் திருத்தி விரிவுபடுத்தியது. அதன்படி ஆறு வயதாகும் ஆண்டிலிருந்து சொந்தக் கழகத்துக்குள் நடக்கும் போட்டிகளிலும், ஒன்பதாகும் ஆண்டிலிருந்து வட்டார அளவிலான போட்டிகளிலும் பங்கேற்கலாம். பதினொன்றாகும் ஆண்டில்தான் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் அனுமதிக்கப்படுகின்றன. அதுவும் பொருத்தமான இடங்களில் மட்டும். தேசிய சாம்பியன் போட்டிகளுக்குப் பதின்மூன்று வயது வரை காத்திருக்க வேண்டும். சிறுவர் போட்டியில் பரிசு கொடுப்பதென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். எந்த விளையாட்டில், எவ்வளவு ஈடுபடுவது என்பதில் பிள்ளையின் கருத்துக்கும் அந்த ஆவணம் இடம் தருகிறது.

விதிகளைவிட முக்கியமானது, அந்த ஆண்டுகளில் பனியில் என்ன நடக்கிறது என்பது. சிறு மேடுகள், அலைபோன்ற பள்ளங்கள், வளைந்து செல்ல நட்ட கொடிகள், தாவிக் குதிக்க ஒரு திட்டு ஆகியவை கொண்ட விளையாட்டுக் களத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக் காலில் சறுக்குகிறார்கள், பின்னோக்கி ஏறுகிறார்கள், பந்தைக் கடத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். உண்மையில் பனிச்சறுக்கின் அடித்தளமான சமநிலை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை முழுமையாக மாற்றுவது, இறக்கத்தில் அஞ்சாமை ஆகிய மூன்றும் இந்தக் களத்தில்தான் உருவாகின்றன. நேராகத் தடத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால், களைத்த பிள்ளை தவறான அசைவையே ஆயிரம் முறை பழகிக்கொள்ளும். விளையாட்டுப் பாதையை மென்மையான பாதை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நுட்பத்தைப் பொறுத்தவரை அதுவே கடுமையான பள்ளி.

கனடாவிலும் இதே எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அங்கே சிறுவர் பயிற்சித் திட்டம் ஜாக்ராபிட் என்ற பெயரில் நடக்கிறது. நார்வேயில் 1875-இல் பிறந்து, கனடாவில் பனிச்சறுக்குத் தடங்களை உருவாக்கி, 111 வயது வரை வாழ்ந்த ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சனின் பட்டப்பெயர் அது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பில் கோக்கின் பெயரால் சிறுவர் குழுக்கள் நடக்கின்றன. 1976-இல் இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டர் போட்டியில் வெள்ளி வென்று, கிராஸ் கன்ட்ரியில் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றவர் அவர்.

நார்வேயின் வெற்றிகளைக் காட்டி இந்த வழியே சாம்பியன்களை உருவாக்குகிறது என்று வாதிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்கள், 2022-இல் 16 தங்கங்கள் என்ற கணக்கு கவர்ச்சியானதுதான். ஆனால் நீண்ட பனிக்காலம், ஊர்தோறும் விளக்கு வெளிச்சத்தோடு கூடிய தடங்கள், செல்வ வளம், ஊதியமின்றி உழைக்கும் பெற்றோர், நூறாண்டுக்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு மரபு ஆகியவற்றையும் உடைய நாடு அது. அந்தப் பதக்கங்களில் எத்தனை சிறுவர் விதிகளால் வந்தவை என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவ்விதிகள் உச்சநிலை வெற்றிக்குத் தடையாக இருக்கவில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம். நம் முடிவுக்கு அதுவே போதும். ஏனெனில் பந்தயப் பாதையை ஆதரிப்போரின் முதன்மையான அச்சம், பிள்ளை பின்தங்கிவிடும் என்பதே.

விளையாட்டுப் பாதைக்கும் குறைகள் உண்டு. பதின்மூன்றாம் வயதில் வரிசையும் தேர்வும் திடீரென்று வந்து விழும்போது, முன்பயிற்சி இல்லாத பிள்ளைக்கு அது அதிர்ச்சியாக இருக்கிறது. பட்டியல் இல்லாததால் நெருக்கடியும் இல்லை என்று நினைப்பதும் தவறு. யார் வேகமானவர் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டியல் இல்லாமலே தெரியும். பெற்றோரின் போட்டியோ மெழுகு மேசைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. ஸ்கீயை அதிகம் வழுக்கச் செய்யும், விலை உயர்ந்த ஃபுளோரின் மெழுகு சிறுவர் பந்தயங்களிலும் புகுந்திருந்த நிலையில், நார்வே பனிச்சறுக்குச் சங்கம் 2018-19 பருவத்திலிருந்து பதினாறு வயதுக்குட்பட்ட பிரிவுகளில் அதைத் தடை செய்தது. சுற்றுச்சூழலும் உடல்நலமும் அதற்குக் காரணங்களாக இருந்தன. பிள்ளைகளுக்கிடையே சமநிலையும் அதனால் கொஞ்சம் மீண்டது. பின்னர் 2023-24 பருவத்திலிருந்து உலக அளவிலான போட்டிகளிலும் அந்தத் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. விதி ஒரு வாசலை அடைத்தால் பெற்றோரின் ஆசை வேறு வாசலைத் தேடும் என்பதற்கு, சிறுவர் பந்தயங்களில் அந்த மெழுகு புகுந்தது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பனிக்காலத்தில் சறுக்கிவிட்டு, கோடையில் கால்பந்தோ நீச்சலோ மிதிவண்டியோ மலையோட்டமோ செய்யும் பிள்ளை, இதயத்தையும் நுரையீரலையும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வளர்ச்சி பனிக்கு அப்படியே பயன்படும். செலவு குறைவு, சலிப்பும் குறைவு. குலிக் குழுவின் முடிவும் இந்த வழிக்குச் சாதகமானதே. இதன் உண்மையான இழப்பு குழு சார்ந்தது. மற்றவர்கள் கோடையில் சக்கர ஸ்கீயில் பயின்று, முகாமுக்குச் சென்று, தமக்குள் கதைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பும்போது, டிசம்பரில் வந்து சேரும் பிள்ளை விருந்தாளிபோல் நிற்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேல் இது கால்வேகத்தில் பின்தங்குவதைவிட அதிகமாக உறுத்தும். அதனால் இந்த வழியை இரண்டாவது வழியோடு பிணைத்துக்கொள்வது நல்லது: கழகத்தின் கோடைகாலக் கூடல்களில் ஓரிரண்டுக்காவது போய்வந்தால், நட்பு அறுந்துபோகாது.

வழியைத் தேர்ந்த பிறகும் ஒரு தேர்வு மிஞ்சுகிறது: எந்த வகைப் பந்தயம்? எல்லாப் பந்தயமும் ஒரே அளவு நெருக்கடி தருவதில்லை. பதினைந்து அல்லது முப்பது நொடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படும் தனிநபர் பந்தயத்தில், பிள்ளை முழுத் தூரமும் கடிகாரத்தோடு தனியாக இருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பது முடியும்வரை தெரியாது. கூச்ச இயல்புள்ள பிள்ளைக்கு இது ஒரு வகையில் நல்லது. எல்லார் முன்னும் கடைசியாக வந்து சேரும் அவமானம் இதில் இல்லை. எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயம் விறுவிறுப்பானது. ஆனால் முதல் இருநூறு மீட்டரில் விழுந்த பிள்ளைக்கு அது நீண்ட, தனிமையான பயணம். அணித் தொடரோட்டத்தில் மகிழ்ச்சி அதிகம். வெவ்வேறு வேகமுள்ளவர்களைக் கலந்து அணி அமைத்தால் மெதுவான பிள்ளைக்கும் வெற்றியில் பங்கு கிடைக்கும். அமைப்பாளர் வேகமானவர்களை ஒரே அணியில் குவித்தால் அந்தப் பயன் அத்தனையும் போய்விடும். மேடு பள்ளங்களும் தாவல்களும் கொண்ட குறுந்தடப் பந்தயங்களில் உடல் வலிமையைவிடத் துணிவும் நுட்பமும் வெல்வதால், தாமதமாக வளரும் பிள்ளைக்கு அவை நியாயமானவை. முடிக்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, அதற்கு மிக அருகில் வருபவர் வெல்லும் பந்தயங்களும் சில கழகங்களில் நடக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அங்கே சமவாய்ப்பு இருக்கிறது.

நேரத்தை நம்ப முடியாத விளையாட்டில் முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை தேட வேண்டும். சென்ற மாதம் பக்கவாட்டில் படியேறுவதுபோல் ஏறிய ஏற்றத்தை இந்த மாதம் சறுக்கியே ஏறினானா, இறக்கத்தின் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினாளா, வழுக்கும் ஸ்கீயோடும் பந்தயத்தைப் பொறுமையாக முடித்தார்களா என்பவை பனியின் தன்மையால் அதிகம் மாறாத அளவுகள். பிள்ளைக்கே அவை கண்கூடாகத் தெரியும். பெற்றோர் கைக்கடிகாரத்தோடு தடத்தின் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை. (கடிகாரத்தோடு நிற்கும் பெற்றோர் எல்லாக் கழகத்திலும் உண்டு. அவர்கள் பிள்ளையைப் பார்ப்பதேயில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.)

அமெரிக்காவில் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் அமண்டா விசெக் குழுவினர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டை இன்பமாக்கும் 81 காரணங்கள் தொகுக்கப்பட்டன. முழு முயற்சி தருவது, அணியின் நல்லிணக்கம், நல்ல முறையில் நடத்தும் பயிற்சியாளர் ஆகியவை முன்னணியில் இருந்தன. வெற்றி பெறுவது நடுப்பகுதிக்கும் கீழேதான் வந்தது. கால்பந்துக்குப் பொருந்துவது பனிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இது தனிநபர் விளையாட்டு, மூச்சு வாங்கும் வலியும் இதில் அதிகம். ஆனாலும் முதலிடத்தில் இருப்பது முழு முயற்சி என்பதைப் பாருங்கள். பிள்ளைகள் கடினமான வேலையை வெறுப்பதில்லை. மகிழ்ச்சியை ஒரு தட்டிலும் உழைப்பை மறு தட்டிலும் வைத்து எடைபோடுவது பெரியவர்களின் பழக்கம்.

குடும்பத்தின் ஈடுபாடே நெருக்கடிக்குக் காரணம் என்று முடிவு கட்டுவதும் பிழை. 2025-இல் டிரான்ட்ஹைம் உலக சாம்பியன் போட்டியில் ஆறு தங்கங்களையும் வென்ற நார்வே வீரர் யோஹன்னஸ் ஹோஸ்ஃப்ளோட் க்லேபோவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய தாத்தா. உறவு நெருக்கமாக இருப்பதில் கேடில்லை. பந்தயம் முடிந்து வீடு திரும்பும் வண்டிக்குள் ஆய்வுக் கூட்டம் தொடங்குவதுதான் கேடு. அந்த அரைமணி நேரத்தில் பிள்ளை வாயைத் திறக்கும் வரை பந்தயத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது, செலவில்லாத, ஆனால் பெற்றோருக்கு மிகக் கடினமான நெருக்கடிக் குறைப்பு.

இனி என் முடிவு. பத்து வயதுக்குக் கீழ் விளையாட்டுப் பாதையைத் தவிர வேறெதையும் நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். பதினொன்று, பன்னிரண்டில் அதே பாதையில் இருந்துகொண்டு, பிள்ளை தானே கேட்கும் பந்தயங்களுக்கு மட்டும் அழைத்துச் செல்வேன். பருவத் தொடக்கத்தில் போட்டி அட்டவணையைப் பிள்ளையிடமே கொடுத்து, விரும்பியவற்றை வட்டமிடச் சொல்வது போதும். பதின்மூன்று, பதினான்கில் பட்டியல் வரும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துப் பயிற்சியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வளர்ச்சி முடியும்வரை அது தரும் செய்தி அரைகுறையானது. நார்வேயிலேயே 15, 16 வயதினருக்கென நாடு தழுவிய பெரிய போட்டி தனியாக நடக்கிறது. அந்த வயதில் பிள்ளை விரும்பினால், பந்தயப் பாதையின் ஒழுங்கை முழுமையாக ஏற்கலாம். அப்போது அது பிள்ளையின் தேர்வாக இருக்கும்.

போட்டி வெறி பிறவியிலேயே உள்ள பிள்ளைக்கு இந்தக் கால அட்டவணை மெதுவானதாகத் தோன்றலாம். அதன் ஆசையை அடக்குவதும் ஒரு வகை நெருக்கடிதான். அத்தகைய பிள்ளைக்குப் பந்தயங்களை அதிகமாக்கலாம். பயிற்சி மணிகளையும் உபகரணச் செலவையும் அல்ல. உள்ளூரில் இருப்பது பந்தயக் கழகம் ஒன்றே என்றால், அதில் சேர்ந்துகொண்டு பயிற்சிக்குத் தவறாமல் சென்று, போட்டிகளில் பாதியை விட்டுவிடலாம். பயிற்சியாளர் முகம் சுளித்தால், அதுவும் அந்தக் கழகத்தைப் பற்றிய பயனுள்ள தகவல்.

எந்த வழியில் இருந்தாலும் சில அறிகுறிகள் தென்பட்டால் உடனே ஓர் அடி பின்வாங்க வேண்டும். பந்தயக் காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி, சளி ஆறாமலே பயிற்சிக்குப் போவேன் என்ற பிடிவாதம், தோழிகளின் உடலோடு தன் உடலை ஒப்பிடும் பேச்சு, உணவைக் குறைப்பது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடைசி இரண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டிய காரியங்கள். "ஒல்லியாக இருந்தால் ஏற்றத்தில் வேகம் வரும்" என்று பயிற்சியாளர் விளையாட்டாகச் சொன்னால்கூட அதை உடனே மறுத்துப் பேச வேண்டும். செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத வீரர்களின் எலும்பு, இயக்குநீர் (ஹார்மோன்), மனநிலை ஆகியவை எப்படிக் கெடுகின்றன என்பதை சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனி ஆவணமாகவே வெளியிட்டது. 2018-இல் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கிராஸ் கன்ட்ரியில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஜெஸ்ஸி டிக்கின்ஸ், பதின்பருவத்தின் இறுதியில் தமக்கு உணவுக் கோளாறு இருந்ததையும் அதற்குச் சிகிச்சை பெற்றதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். முகத்தில் மினுமினுப்புத் தூளோடு பந்தயத்துக்கு வந்த அவரைப் பார்த்து, இவருக்கு எல்லாமே விளையாட்டு என்று எண்ணியவர்கள் பலர்.

பதினான்கு, பதினைந்தில் பந்தயம் வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், அதை விளையாட்டிலிருந்தே விலகுவதாக மாற்றிவிடாதீர்கள். துப்பாக்கி சுடுதலோடு இணைந்த பயத்லான் உண்டு; கூடாரத்தோடு காட்டுவழி செல்லும் நெடும்பயணங்கள் உண்டு; சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு உண்டு. சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் போன்ற பெருந்திரள் பந்தயங்களில் ஆயிரக்கணக்கானோர் வெற்றியைப் பற்றிய எண்ணமே இல்லாமல் கலந்துகொள்கிறார்கள். கழகத்தில் பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதை ஒட்டியதே: சென்ற ஐந்தாண்டில் இங்கே பந்தயத்தை விட்ட பதினைந்து வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் உங்கள் தடத்துக்கு வருகிறார்கள்? எண்ணிக்கையைச் சொல்ல முடியாமல், வென்ற பதக்கங்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், அடுத்த கழகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது.